ஏழாம் கேள்விக்கு ஆம்

அப்புறம் அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் பொருத்தம் பார்த்து வைத்த பெயர். லீவு கேட்டால் "அப்புறம் பாக்கலாம்." மின்விசிறி கிறீச்சிடுகிறது என்றால் "அப்புறம் ஆள வரச் சொல்றேன்." இரண்டாவது ஒலிப்பதிவு அறையின் வாசலில் இருக்கிற சிவப்பு பல்பு எரியவில்லை என்றால் "அப்புறம் வாங்கிடலாம்." அந்த பல்பு அவிந்து எத்தனை வருஷமாயிற்று என்று கேட்டால், அதையும் அவள் அப்புறம்தான் சொல்வாள்.

அவள் வேலை பார்த்தது பார்வையில்லாதவர்களுக்கான ஓர் ஒலிநூலகத்தில். இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். இரண்டில் சுவரெல்லாம் மெத்தை அடித்து, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மைக். வெளியாட்கள் வந்து உட்கார்ந்து புத்தகம் வாசிப்பார்கள். அது பதிவாகி, கண் தெரியாதவர்களின் வீடுகளுக்குப் போகும். வாசிக்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது, எல்லோரும் தன்னார்வலர்கள். அவர்களைச் சேர்ப்பது அக்காவின் பொறுப்பு. விண்ணப்பத்தை வாங்கி, தேர்வுக் குழுவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். குழுவில் மூன்று பேர். இரண்டு பேருக்குப் பார்வை இல்லை. மூன்றாமவர் மூக்குக்கண்ணாடியை எப்போதும் வீட்டில் மறந்துவிட்டு வருகிற பெரிய மனிதர். ஆக, குழுவுக்குக் கண் என்று இருந்தது அக்கா ஒருத்திதான்.

பத்தொன்பது வருஷத்தில் ஒருவர் முகத்துக்கு நேராகவும் அவள் முடியாது என்று சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருபது வயதில் வானொலியில் அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வுக்குப் போனவள் அவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர், வரிசையில் நின்ற முப்பது பேருக்கும் கேட்கும்படி, "தகரத்துல ஆணி கீறின மாதிரி இருக்கும்மா, வேற வேலை பாரு" என்றார். முப்பது பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தன் குரலைத் தானே கேட்க அவளுக்குப் பிடிக்காது. தன்னால் இன்னொருவருக்கு அப்படி ஒரு நாள் வரக் கூடாது என்றும் அன்றே முடிவு செய்துகொண்டாள். நல்ல முடிவுதான். மனிதர்கள் செய்கிற அநியாயத்தில் பாதி இப்படி ஒரு நல்ல முடிவில்தான் ஆரம்பிக்கிறது.

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி இது: நீங்கள் எப்போதாவது குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா? பக்கத்தில் ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். வருகிறவர்கள் படித்தும் படிக்காமலும் இல்லையில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்கள். எப்போதாவது ஒருவர் ஆமில் போடுவார். அதை அக்கா சிரித்த முகத்தோடு வாங்குவாள். உட்காரச் சொல்லுவாள், தண்ணீர் கொடுப்பாள், "பாத்துட்டு அப்புறம் சொல்றோம்" என்பாள். அவர் படியிறங்கியதும் மேஜையின் மூன்றாவது டிராயரைத் திறந்து உள்ளே போடுவாள். அதோடு அது கிணற்றில் போட்ட கல். குழுவிடம் அதைப் பற்றி மூச்சு விடமாட்டாள். அவளைக் கேட்டால், அவள் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொன்னது டிராயர்.

அவர்களைப் பார்த்து அவளுக்குப் பயமா என்றால், அதுகூட இல்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் "நீதானே சேத்த?" என்று யாராவது கேட்பார்களே, அந்தக் கேள்விக்குத்தான் பயம்.

இப்படி இருக்கும்போது புதுச் செயலாளர் வந்தார். முதல் கூட்டத்திலேயே விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார்.

"இந்த ஏழாவது கேள்வி இங்க என்ன பண்ணுது?"

"எப்பவும் இருக்கிறதுதான் சார்" என்றாள் அக்கா.

"ரூம்ல இருக்கிறது ஒரு மைக், ஒரு நாற்காலி. வாசிக்க வர்றவரு எதைத் தூக்கிட்டுப் போகப் போறாரு, நாற்காலியையா? வீட்டுக்குப் போய் பேங்க் காகிதம் படிச்சுக் காட்டுற வேலைன்னா நானே நல்லா விசாரிக்கச் சொல்லுவேன். அங்க ஒருத்தர் தனியா நம்மளை நம்பி உக்காந்திருப்பாங்க. இங்க முதல்ல குரலைக் கேளுங்க. குரல் சரின்னா தனியா உக்கார வச்சுப் பேசுங்க. என்ன நடந்துச்சு, எப்ப நடந்துச்சு, இப்ப எப்படி இருக்காரு, நாம கொடுக்கிற வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டான்னு பாருங்க. பாத்ததைக் குழுகிட்ட சொல்லுங்க, அவங்க முடிவு பண்ணட்டும். வேண்டாம்னு முடிவாச்சுன்னா, ஏன் வேண்டாம்னு அவருகிட்டயே நேரா சொல்லிடுங்க."

மற்றதெல்லாம் காதில் விழுந்து போயிற்று. கடைசி வாக்கியம் மட்டும் அக்காவின் காதிலேயே நின்றுவிட்டது.

ஏழாவது கேள்வி இல்லாத புது விண்ணப்பம் வந்தது. குரல் தேர்வுக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். பதிவானதைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தவள் குழுவிலேயே வயதில் இளையவள். ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், பிறவியிலேயே பார்வை இல்லை. நாளெல்லாம் குரல்களோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால் அவளிடம் யாரும் குழைந்து பேசி ஜெயிக்க முடியாது. எட்டுக் குரல்களை உதட்டைச் சுழித்துக்கொண்டே கேட்டாள். ஒன்பதாவதில் கையைத் தூக்கினாள்.

"இன்னொரு தடவை போடுங்க."

இன்னொரு தடவை போட்டார்கள்.

"மத்தவங்கல்லாம் மைக்குக்கு வாசிக்கிறாங்க. இந்த ஆளு எனக்கு வாசிக்கிறாரு. ஒன்பதை எங்கிட்ட கொடுத்துடுங்க, மிச்சத்தை நீங்களே பங்கு போட்டுக்குங்க."

அக்கா பட்டியலைப் பார்த்தாள். ஒன்பது என்ற எண்ணுக்கு நேரே இருந்தவர் மாவு மில்லில் மெஷின் ஓட்டுகிறவர். பதினொரு வருஷத்தில் மூன்று முறை, இமையெல்லாம் மாவு படிந்த முகத்தோடு இந்தப் படிகளில் ஏறி வந்தவர். மூன்று முறையும் அவள் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். மூன்று முறையும் டிராயரைத் திறந்திருக்கிறாள்.

தேர்வானவர்கள் அன்றைக்கே இன்னொரு பக்கம் வாசிக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்கிற அண்ணன் இரண்டாவது அறையில் மெஷினைப் போட்டுவிட்டு, மில்காரரை உட்கார வைத்துவிட்டு, டீ குடிக்கக் கீழே இறங்கினார். தனியாகப் பேச வேண்டிய பேச்சை அப்போதே முடித்துவிட அக்கா நினைத்தாள். வெளி அறையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கட்டிடத்தில் ஒரு சொல்கூட வெளியே போகாத இடம் என்றால் மெத்தை அடித்த அறைதான். அவர் பக்கத்தை வாசித்து முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வாசலில் சிவப்பு பல்பு மட்டும் எரிந்திருந்தால் மெஷின் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

செயலாளர் சொல்லிக்கொடுத்த கேள்வியை மென்று முழுங்கி ஒரு வழியாகக் கேட்டாள். அவர் தரையைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"இருபத்தொரு வருஷம் ஆச்சு மேடம். மில்லுக்கு மூட்டை இறக்க வந்தவரோட வாய்த்தகராறு. நான் குடிச்சிருந்தேன். எடைக்கல்லை எடுத்து வீசிட்டேன். அவருக்கு ஒரு கண்ணு போயிடுச்சு. நாலரை வருஷம் உள்ள இருந்தேன். அதுக்கப்புறம் குடியைத் தொடல."

அக்கா, வாசிப்பு நன்றாக இருந்தது என்று சொல்லிவைத்தாள்.

"உள்ள படிக்கத் தெரியாதவங்க நிறைய பேரு. வீட்டுலேர்ந்து வர்ற கடிதாசியை நான்தான் வாசிச்சுக் காட்டுவேன். கெட்ட சேதின்னா வேகமா வாசிக்கக் கூடாது மேடம். அதை அங்கதான் கத்துக்கிட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "முன்னாடி மூணு தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். எல்லாத்தையும் அதுலயே எழுதியிருந்தேன். படிச்சீங்களா?" என்று கேட்டார்.

குற்றம் சாட்டுகிற கேள்வி இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார், அவ்வளவுதான். அதற்கு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"படிச்சோமே. எல்லாரும் உக்காந்து படிச்சோம். ரொம்ப யோசிச்சோம்."

"யோசிக்கத்தான் செய்வாங்க" என்று அவர் தலையாட்டினார். "கண்ணு போன விஷயமில்லையா?"

"அப்புறம் சொல்றேன்" என்றாள் அக்கா.

அடுத்த கூட்டத்தில், ஒன்பதாம் நம்பரால் வர முடியாதாம், மில்லில் வேலை அதிகமாம் என்று சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. தனக்குத் தானே காரணமும் சொல்லிக்கொண்டாள். ஒருவர் கண்ணைப் பறித்தவர் கண்ணில்லாதவர்களுக்கு வாசிப்பதா, நாளைக்குத் தெரிந்தால் யார் பதில் சொல்வது? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைக் குழுவின் முன்னால் வைத்துக் கேட்டிருக்க வேண்டும். அவள் வைக்கவில்லை. ஆபரேட்டர் மட்டும் "அடப்பாவமே" என்று சொல்லி, அந்த இரண்டாவது பக்கத்தையாவது கேட்கிறேன் என்று அண்ணனிடம் பதிவை வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். கைத்தடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு பக்கம் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு நிமிஷம். நிதானமா வாசிச்சா நாலு."

"ஒன்பதாம் நம்பரோட ரெண்டாவது பக்கம் இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு."

அக்கா கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"நாலாவது நிமிஷத்துல கதவு சாத்துற சத்தம். அதுக்கப்புறம் உங்க குரல். நான் அங்கயே நிறுத்தியிருக்கணும். அவரு சொன்னது உங்ககிட்ட, எங்கிட்ட இல்ல. நிறுத்தாம கடைசி வரைக்கும் கேட்டேன். அது என் தப்பு, நான் பாத்துக்கிறேன். உங்க தப்பை நீங்க கேளுங்க" என்று காதில் மாட்டுகிற ஒயரை நீட்டினாள்.

முப்பத்திரண்டு வருஷமாகத் தப்பித்துக்கொண்டிருந்த குரலை அக்கா கேட்டாள். படிச்சோமே. எல்லாரும் உக்காந்து படிச்சோம். தகரமும் ஆணியும் அப்படியே இருந்தன. ஆனால் அவளைக் கூசவைத்தது அது இல்லை. அந்தக் குரலில் இருந்த கனிவு. குழந்தைக்கு மருந்தில் சர்க்கரை கலக்கிற கனிவு. அதைக் கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

"எட்டு வருஷமா நான் அந்தக் குழுவுல இருக்கேன்" என்றாள் ஆபரேட்டர். "எப்பக்கா உக்காந்து படிச்சோம்? எனக்குக் கண்ணு தெரியாது. பக்கத்துல இருக்கிறவருக்கும் தெரியாது. பெரியவரு கண்ணாடி கொண்டு வர மாட்டாரு. எங்களுக்கு யாரு படிச்சுக் காட்டினது?"

வாய்வரை வந்த ‘அப்புறம்’ என்ற சொல்லை அக்கா பல்லால் கடித்து நிறுத்தினாள்.

"அவரை வேண்டாம்னு நீங்க சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். ஜெயிச்சிருப்பேன், இல்ல தோத்திருப்பேன். நீங்க சண்டையே இல்லாம பண்ணிட்டீங்க."

"ஒருத்தர் கண்ணு போயிருக்கும்மா. உனக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு யாரு சொன்னா? கேட்டதும் கோபம் வந்துச்சு. அப்புறம் திரும்பவும் அவரு வாசிச்சதைப் போட்டுக் கேட்டேன். கோபம் போகல. அவரு வாசிக்கணுங்கிற ஆசையும் போகல. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும். அவரை எப்ப வரச் சொல்றீங்க?"

அவள் போன பிறகு அக்கா மூன்றாவது டிராயரை வெளியே இழுத்தாள். பாதியில் சிக்கியது. உள்ளே காகிதம் முட்டிக்கொண்டிருந்தது. எண்ணினால் நாற்பத்தொன்று. நாற்பத்தொரு முறை தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மில்காரருடையது மூன்றும் தனித்தனி இடத்தில் கிடந்தன. கடைசியாகக் கொடுத்ததை முதலில் எடுத்தாள். ஏன் வாசிக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, ‘முன்பே எழுதியிருக்கிறேன்’ என்று ஒரே வரி. முதலாவதை எடுத்தாள். பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. நான்கு வரிகூடத் தாண்ட முடியவில்லை. அதைப் படிக்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், அவரைப் பார்த்துவிட்டு வந்து அப்புறம் படிக்கலாம் என்று. பாருங்கள், அந்த நேரத்திலும் அந்தச் சொல் அவளை விடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு போர்வையின் நுனியை அவள் கையில் கொடுத்தார்.

"என்னையும் நீ அப்புறம் சொல்றேன்னுதான் சொன்ன. ரெண்டு வருஷம் உங்க தெருவுலேயே சுத்தினேன். எனக்கு வேற வேலை இல்ல, சுத்தினேன். எல்லாரும் அப்படி இருப்பாங்களா?"

"சிரிக்கிற விஷயமா இது?"

"சிரிக்கல. போய் சொல்லிட்டு வா. என்னைக் கூட வரச் சொல்லாத, வரமாட்டேன்."

அடுத்த நாள் காலையில் மில்லுக்குப் போனாள். தகரக் கூரைக்குக் கீழே மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கோதுமை டப்பாவும் பையுமாக ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவர் புனல் வாயில் தானியத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பதில் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது அவளுக்கு.

"என்ன மேடம்?" என்று கத்தினார்.

"உங்க விண்ணப்பம்…"

"கேக்கல மேடம்!"

"விண்ணப்பம்! மூணு தடவை கொடுத்தீங்களே, அதை நாங்க…"

அவர் எட்டி மெஷின் சுவிட்சை அணைத்தார். பட்டை இரண்டு சுற்று சுற்றி ஓய்ந்தது. அது தெரியாமல் அவள் முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தாள். "…படிக்கவே இல்ல! யாருமே படிக்கல! நான் பொய் சொன்னேன்!"

தகரக் குரல் தெருமுனை வரை போயிற்று. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு முப்பது பேர் சிரித்ததே தேவலை என்று தோன்றியது.

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மூட்டை அடுக்கியிருந்த பக்கத்துக்கு அவளை அழைத்துப்போனார். அங்கே வைத்து மீதியையும் சொன்னாள். டிராயரைப் பற்றிச் சொன்னாள். வேலை அதிகம் என்று அவர் சொன்னதாகத் தான் சொன்ன பொய்யைச் சொன்னாள். பதிவு மெஷின் ஓடியதையும், அவர் தனியாகச் சொன்னதை இன்னொருவர் கேட்டுவிட்டதையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மெல்ல பேச வேண்டாம் மேடம். இங்க எல்லாருக்கும் தெரியும். நடந்தது இதே மில்லுலதான்" என்றார். "உள்ளேர்ந்து வந்ததும் முதலாளி என்னை வாசல்ல நிக்க வச்சு அரைமணி நேரம் திட்டினாரு. அப்புறம் உள்ள வாடான்னாரு. ரெண்டையும் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு."

அக்கா தரையில் சிந்தியிருந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணுல ஒண்ணுகூடவா படிக்கல?"

"நேத்துதான் எடுத்தேன். கடைசியா கொடுத்ததைப் படிச்சேன். முதல்ல கொடுத்தது… நாலு வரி."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேசியபோது குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"படிச்சுட்டுத்தான் வேணாம்னாங்கன்னு நினைச்சேன் மேடம். நான் பண்ணினதைப் படிச்சாங்க, பொறுக்கல, வேணாம்னுட்டாங்க, அது நியாயந்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பதினோரு வருஷம் அதையே நினைச்சுத் தேத்திக்கிட்டேன்."

"உங்களை எப்ப வரச் சொல்லலாம்னு அந்தப் பதிவைக் கேட்ட அம்மா கேட்டாங்க. எல்லாத்தையும் கேட்ட பிறகுதான் கேட்டாங்க" என்றாள் அக்கா. வேறு ஒன்றும் கொடுக்க அவளிடம் இல்லை.

வரிசையில் ஒரு அம்மாள் டப்பாவைத் தட்டினாள். அவர் மெஷின் பக்கம் திரும்பினார்.

"அப்புறம் சொல்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார்.

குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை, வேலைக்காரர், வேலைக்குப் போனார். ஆனால் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு தெருவில் நடந்தபோதுதான், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு தூரம் வீட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் அவராக இருக்குமோ என்று ஓடினாள். படியில் காலடி கேட்டால் எழுந்து நின்றாள். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று.

அந்த நாட்களில் செயலாளரிடம் போய் ஒப்புக்கொண்டாள். அவர் டிராயரைக் காலி செய்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார். மில்காரருடையது மூன்று போக முப்பத்தெட்டு. பதினைந்து எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒரு வீட்டில், அவர் போய் நாலு வருஷமாச்சு என்றார்கள். ஒரு பெண் "எந்த விண்ணப்பம்?" என்று கேட்டாள், நினைவு வந்ததும் போனை வைத்துவிட்டாள். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் முடிக்கிறவரை அக்கா காதிலிருந்து எடுக்கவில்லை. ஆறு பேர் குரல் தேர்வுக்கு வருகிறேன் என்றார்கள். அதில் இருவருக்குக் குரல் சரியில்லை என்று குழு சொன்னபோது, அதை அவர்கள் முகத்துக்கு நேராகத் தானே சொன்னாள். வந்தவர்கள் இடிந்துபோய்விடவில்லை. ஏன் என்று கேட்டார்கள், சொன்னாள், போனார்கள். இவ்வளவுதானா என்றிருந்தது. இவ்வளவுக்காகவா பத்தொன்பது வருஷம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

நான்காவது சனிக்கிழமை மில்காரர் வந்தார். ஆபரேட்டரும் அன்று இருந்தாள்.

"நான் முதல்ல எழுதிக் கொடுத்தது இருக்கா மேடம்?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை. மில்லில் முகம் கொடுத்துப் பேச முடியாதவளுக்கு அந்தக் காகிதத்துக்கும் முகம் கொடுக்க முடியவில்லை. நான்கு வரியைத் தாண்டி இன்னும் படிக்கவில்லை என்பது அவருக்கும் அந்த மடிப்பிலேயே தெரிந்துவிட்டது.

"இதை வாசிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் கேளுங்க. அதுக்கப்புறம் நான் வர்றதா வேண்டாமான்னு பேசிக்கலாம். யாராவது ஒரு தடவை முழுசா கேக்கட்டும்."

இரண்டாவது அறைக்குள் போனார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "மெஷின் ஓடுதா?" என்று கேட்டார். அக்கா சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

அவர் வாசித்தார். "ஏழாம் கேள்விக்கு ஆம். என்ன செய்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்." இங்கே நின்றுபோனவள்தான் அக்கா. அவர் நிற்கவில்லை. எடைக்கல் வந்தது. அடிபட்டவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, ‘வெளக்கை யாருடா அணைச்சது’ என்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கேட்டது வந்தது. அதை அவர் வேகமாக வாசிக்கவில்லை. ஆபரேட்டர் மடியிலிருந்த கைத்தடியை இறுகப் பிடித்தாள். "இடம் போதவில்லை. மறுபக்கம் பார்க்கவும்" என்று வாசித்து, காகிதத்தைத் திருப்பினார்.

திருப்பியவர் நிறுத்திவிட்டார். காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார்.

"டீத்தூள் கால் கிலோ" என்று வாசித்தார். "சோப்பு ரெண்டு. சிவப்பு பல்பு ஒண்ணு." தலையை நிமிர்த்தினார். "இது நான் எழுதினது இல்ல மேடம்."

அவருடைய பொடி எழுத்தின் மேலேயே, தடித்த நீல மையில், குறுக்காக, கடைக்குப் போகிறவரிடம் கொடுக்க எழுதிய சீட்டு. கைக்கு அகப்பட்ட காகிதத்தில் எழுதியிருக்கிறாள். திருப்பிப் போட்டு, கீழே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல்.

"அது என்னக்கா?" என்றாள் ஆபரேட்டர். அவளுக்குப் பார்க்க வழியில்லை. ஏதோ ஒன்று சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"என் கையெழுத்தும்மா" என்றாள் அக்கா. தகரக் குரல் மெத்தைச் சுவரில் பட்டு அங்கேயே நின்றது. "அவரு எழுதினது மேல நான் கடைச் சீட்டு எழுதியிருக்கேன். பல்புக்கு."

அவர் அந்தக் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார்.

"கீழ இருக்கிறது தெரியுது" என்றார். "வாசிக்கட்டுமா?"

"வாசிங்க" என்றாள் ஆபரேட்டர்.

நீல மையைத் தாண்டி, மறைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, அவர் கடைசிவரை வாசித்தார். பிளக்கைப் பிடித்த கையோடு அக்கா நின்றுகொண்டே கேட்டாள்.